ஆறடி மறைப்பு

ஜூலை 6

குடிவந்துவிட்டேன். ஒரு டெம்போ போதுமாக இருந்தது.

சரவணம்பட்டி தாண்டி, எட்டு வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே வரிசை. என்னுடையது ஐந்தாவது. நானும் மேகலாவும் சேர்ந்து பார்த்து, சேர்ந்து கையெழுத்துப் போட்ட வீடு. பிப்ரவரி பதினொன்றாம் தேதி மேகலா இறந்துபோனாள். ஜூலையில் சாவி கொடுக்கிறார்கள். பில்டர் ஆபீஸில் இருந்தவர் பெரிய சாவி மாதிரி வெட்டிய அட்டை ஒன்றை நீட்டி, “மேடம் வரலீங்களா சார்? ஜோடியா ஒரு போட்டோ எடுத்துப் போடுவோம்” என்றார். அட்டையை வாங்கி இரண்டாக மடித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 7

பின்பக்கத்தை டேப் வைத்து அளந்தேன். அகலம் பதினெட்டடி, நீளம் பன்னிரண்டடி. இரண்டு பக்கமும் நாலரை அடிச் சுவர். ஆறடிக்கு மேல் யாரும் எதுவும் எழுப்பக்கூடாது என்று குடியிருப்போர் சங்க விதி.

இந்தப் பின்பக்கத்துக்காகத்தான் மேகலா இந்த வீட்டை எடுக்கச் சொன்னாள். பிறந்ததிலிருந்து லைன் வீடு, கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது மாடி ஒண்டுக்குடித்தனம். எங்கே உட்கார்ந்தாலும் நாலு பேர் பார்வை. “நைட்டி மேல துண்டு போடாம, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, வெயில்ல உக்காந்து ஒரு டீ குடிக்கணும். ஒருத்தரும் பாக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும். நீங்க இன்ஜினியர்தானே, கட்டிக் குடுங்க” என்றாள்.

கட்டித் தருகிறேன்.

ஜூலை 8

பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் ஒரு பெரிய பிரச்சினை. அதன் உள்ளே ஒரு தையல் மெஷின். அதன் பின்னால் ஒரு அம்மா. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருப்பதில்லை. மெஷின் ஓடும் சத்தம் நிற்கும்போதெல்லாம் நிமிர்ந்து என் பின்பக்கத்தைப் பார்க்கிறார்.

இருக்கிற எல்லா வீட்டிலும் எனக்கு இந்த வீடுதான் வாய்க்க வேண்டுமா.

ஜூலை 10

அந்த அம்மா பெயர் கலாமணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஏனுங்க தம்பி, பாலு காய்ச்சின மாதிரியே தெரியலீங்களே?”

“காய்ச்சலீங்க.”

“வூட்ல அவுங்க?”

“கோபியில.” மேகலா கோபிக்காரி. வாயில் அதுதான் வந்தது.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அட, மாசமா இருக்கறாங்களாக்கும்! அதான பாத்தேன். வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டுப் புதுவூட்டுல பால் காய்ச்சப்படாதுங்க. நீங்க பண்ணுனது சரி. கட்டுச்சோறு போட்டுக் கூட்டிட்டுப் போய்ட்டாங்களா?”

கட்டுச்சோறு என்றால் பெண் வீட்டார் ஆக்கிக் கட்டிய சோற்றோடு வந்து, விருந்து வைத்து, மாசமாக இருக்கும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது. எங்கள் பக்கம் விட மாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“எத்தனாவது மாசமுங்க?”

“ஏழு.”

யோசிக்கவே இல்லை. ஆபீஸில் ஒரு பம்பு எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் என்று கேட்டால்கூட கால்குலேட்டரைத் தேடுகிறவன் நான்.

“அப்ப பொரட்டாசியில. தேதி குடுத்துட்டாங்களா?”

“செப்டம்பர் இருபத்திரண்டு.”

கேள்வி கேட்டதும் அவர்தான், பதில் சொல்லிக்கொண்டதும் அவர்தான். நான் இரண்டு எண்களை மட்டும்தான் சொன்னேன்.

ஜூலை 12

செப்டம்பர் 22க்குள் அந்த ஜன்னலை மறைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த அம்மா தினமும் எட்டிப் பார்ப்பார். குழந்தை அழுகிறதா, துணி காய்கிறதா என்று.

வேலையை முறையாகச் செய்கிறேன். ஜன்னலில் உட்கார்ந்த கண் தரையிலிருந்து பதினாலடி. பெஞ்சில் உட்கார்ந்த தலை நாலடி. இரண்டையும் கோடு போட்டு இணைத்தால், பெஞ்ச் எதிர்ச்சுவர் ஓரம் இருந்தால் மறைப்பு பத்தரை அடி வேண்டும். சங்கம் விடாது. பெஞ்சைக் கலாமணி வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டால் ஆறடி போதும். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதே விடை. அந்த அம்மாவுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்கிறேனோ அவ்வளவு மறைவு.

ஜூலை 15

மாமனார் மூன்று முறை அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை. “அத்தை உங்ககிட்டப் பேசணும்கிறா மாப்ள” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ். பேசி என்ன ஆகப்போகிறது? அழுவார்கள். பிறகு “உங்க மேல தப்பில்ல மாப்ள” என்பார்கள். காரியத்தன்று மட்டும் இருபது பேர் சொன்னார்கள். என் மேல் தப்பென்று நான் யாரிடமாவது சொன்னேனா?

ஜூலை 19

நர்சரியில்:

“ரெண்டு மாசத்துல ஆறடி அடைச்சுக்கிட்டு நிக்கணும். என்ன செடி?”

“மூங்கில் வெய்யுங்க சார், ஃபேஷனா இருக்கும்.”

“ரெண்டு மாசத்துல வருமா?”

“வராது.”

“அப்ப எதுக்குச் சொல்றீங்க?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப அரளிதான். நாலடிச் செடி பையோட இருக்குது. ஆடு மாடு வாய் வெக்காது, தண்ணி இல்லைன்னாலும் சாவாது.”

சாகாத செடி. பதினொன்று வாங்கினேன்.

ஜூலை 20

சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி தோண்டினேன். அரையடி ஆழத்துக்குக் கீழே பில்டர் புதைத்த குப்பை. உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, ஒரு செருப்பு. மேலே அரையடி செம்மண்ணைத் தூவி, ‘தோட்டத்துக்கு ஏற்ற மண்’ என்று பிரௌச்சரில் போட்டிருந்தான். மேலே பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்று மூட்டை அள்ளி அவன் ஆபீஸ் வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். வாட்ச்மேன் தடுக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஜூலை 27

அரளி நட்டாயிற்று. கை முழுக்கக் கொப்புளம்.

ஜூலை 28

காலையில் கலாமணி அக்கா சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு செடிகளைப் பார்த்தார்.

“என்னங்க தம்பி இது, அரளியா?”

“ஆமாங்க்கா. மறைப்புக்கு.”

“நல்லாப் படிச்சீங்க போங்க. தவழற புள்ள வர்ற வூட்ல அரளிய வெப்பாங்களா? ஒரு எலயக் கடிச்சுச்சுன்னா போச்சு. உங்க வூட்டம்மாகிட்டக் கேட்டீங்களா? கேட்டிருந்தா தொடப்பக்கட்டையத் தூக்கியிருப்பாங்க.”

“அக்கா, என் வூட்டுல நான் என்ன வெக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“தெரியும்னா வெச்சிருக்க மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாள் பூராவும் ஆபீஸில் வேலை ஓடவில்லை. அவர் யார் எனக்குச் சொல்ல? சாயங்காலம் வந்து மண்வெட்டியை எடுத்து பதினொன்றையும் பிடுங்கிப் போட்டேன். ஏனென்று தெரியவில்லை. தவழ்வதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

ஜூலை 29

அரளிப் பால் பட்டுக் கண் வீங்கிவிட்டது. லீவு.

ஆகஸ்ட் 3

செம்பருத்தி வைத்தேன். நர்சரிக்காரர் ஐந்தடிச் செடியாகவே கொடுத்தார். முன்னால் பைப் சட்டம் வெல்டிங் வைத்து ரங்கூன் மல்லி ஏற்றியிருக்கிறேன். வெல்டர் சட்டத்தை ஒன்றரை இஞ்ச் சாய்த்து வைத்துவிட்டு, “செடி ஏறிட்டா தெரியாதுங்க சார்” என்றார். தெரியாது என்றால் சரியாகிவிடுமா? அறுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். மேலே தையல் மெஷின் நின்றது.

ஆகஸ்ட் 9

அவருடைய கேள்விகள் நிற்பதில்லை. சர்க்கரை இருக்கிறதா, கால் வீங்குகிறதா, ஆஸ்பத்திரி எது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். சர்க்கரை இல்லை. கால் லேசாக வீக்கம். தினமும் இரவு இணையத்தில் படித்துவிட்டுத்தான் தூங்குகிறேன். இந்த வாரம் முப்பத்து நான்கு. கண்ணைத் திறந்து மூடுமாம்.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

விவரமாகவே எழுதிவிடுகிறேன். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, உள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. எட்டு வாரம் என்றார் டாக்டர். அதிலிருந்து எண்ணினால்தான் செப்டம்பர் இருபத்திரண்டு. அவள் மாசமாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தேதி அவளுக்கு எப்போதுமே முன்னே பின்னே ஆகும். பிப்ரவரி பதினொன்று அதிகாலை திடீரென்று மயங்கி விழுந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் நடந்தது. எல்லோரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

லீவு. கலாமணி அக்கா பச்சைப்பயறு உருண்டை கொண்டுவந்து கொடுத்தார். “கோபி போறப்பக் கொண்டு போங்க. ஏன் தம்பி, நீங்க போறதே இல்லையே? ஒம்பதாவது மாசத்துல பொண்டாட்டிய ஒரு எட்டுப் பாக்காம என்ன வேல? செடிக்குத் தண்ணி ஊத்தறதா?”

“வேல இருக்குங்க்கா.”

“எல்லா ஆம்பளையும் இதையே சொல்லுவாங்க. எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான், மூத்தவ பொறந்து நாலாம் நாள் மில்லு ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, ‘எந்தக் கட்டில்?’னு நர்ஸக் கேட்டாரு.”

அவர் சிரித்தார். எனக்கு அந்த டப்பாவைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. உள்ளே கொண்டுபோய் ஏழு உருண்டையையும் நின்றுகொண்டே தின்றேன்.

ஆகஸ்ட் 24

செம்பருத்தி ஐந்தே முக்கால். மூன்று இஞ்ச் பாக்கி.

செப்டம்பர் 2

மறைப்பு முடிந்தது. பெஞ்ச் போட்டாயிற்று. அதில் உட்கார்ந்து மேலே பார்த்தேன். இலை, இலைக்கு மேல் ஆகாயம். ஜன்னல் தெரியவில்லை. போட்ட கோடு ஒரு இஞ்ச் பிசகவில்லை.

டீ போட்டு எடுத்துவந்து உட்கார்ந்தேன். நான் நைட்டி போடுகிறவன் இல்லை. விரிக்கத் தலைமுடியும் இல்லை. இது யாருக்கு? டம்ளரை எதிர்ச்சுவரில் விட்டெறிந்தேன்.

“என்னங்க தம்பி சத்தம்?” மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“ஒண்ணுமில்லீங்க்கா. கை தவறிடுச்சு.”

செப்டம்பர் 8

கலாமணி அக்கா வாசல் பக்கமாகவே வந்துவிட்டார்.

“தம்பி, ஞாயித்துக்கெழம கோபியில ஒரு கல்யாணம். எங்க நாத்தனார் வூட்டுது. நானும் அவரும் போறோம். அப்படியே உங்க வூட்டம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றோம். மாமனார் பேரும் வீதியும் மட்டும் சொல்லுங்க.”

“வேண்டாங்க்கா. அவங்களுக்கு உடம்பு முடியல.”

“அதுக்குத்தானே பாக்கப் போறது! நீங்களும் போக மாட்டீங்க, போறவளையும் விட மாட்டீங்களா? கோபி என்ன பெரிய பட்டணமா, விசாரிச்சா தெரிஞ்சுட்டுப் போவுது. எங்க நாத்தனாருக்குத் தெரியாத வூடில்ல அங்க.”

விசாரிப்பார். ‘மேகலா, கோயமுத்தூரில் கட்டிக் கொடுத்த பெண், பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாமே’ என்று கேட்டுக்கொண்டு, கையில் எதையாவது சுமந்துகொண்டு, அத்தை வீட்டு வாசலில் போய் நிற்பார். அத்தை கதவைத் திறப்பார்கள்.

செப்டம்பர் 9

ஒன்றும் எழுதுவதற்கில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

செப்டம்பர் 11

இன்று அழைப்பு மணி அடித்தது. கலாமணி அக்கா, கையில் ஒரு துணிப்பை.

“கோபிக்குக் கொண்டு போறதுக்குத்தான். நீங்களும் ஒருக்காப் பாத்துக்குங்க” என்று பிரித்து நாற்காலிமேல் பரப்பினார். பழைய மல்வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னச் சட்டைகள். கழுத்தில் நாடா. பொத்தான் கிடையாது, குத்துமாம். பன்னிரண்டு இருந்தது. இரண்டு மாதமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து இதைத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“எடுத்து வைங்க” என்றேன்.

“ஏன் தம்பி?”

“எடுத்து வைங்கன்னு சொன்னேன்ல. அவ இல்லீங்க்கா. செத்துட்டா. பிப்ரவரியிலயே செத்துட்டா.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. “ஏனுங்க, பிரசவத்துல…” என்றார். பிறகு மாதத்தை எண்ணினார். எண்ணுவது முகத்திலேயே தெரிந்தது. நான் இங்கே குடிவந்ததே ஜூலையில்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“ரெண்டு மாசமா எங்கிட்டப் பொய் சொல்லிட்டு இருந்தியா நீ?” அதுவரை இருந்த ‘ங்க’ எல்லாம் போய்விட்டது. “கால் வீங்கியிருக்குதுன்னு சொன்னியே! செத்தவளுக்குச் சொகப்பிரசவம் ஆகோணும்னு நான் பண்ணாரியாத்தாளுக்கு வெளக்கு வெச்சுட்டு இருக்கறேன்டா! உனக்கு மனசு எப்படிடா வந்துச்சு? நான் போய் அந்தம்மா வாசல்ல நின்னிருந்தா? பெத்தவ வயிறு என்னாயிருக்கும்?”

நின்றுகொண்டே இருந்தேன். ஏழு மாதமாக எல்லோரும் என்னிடம் பஞ்சில் சுற்றியதுபோல் பேசுகிறார்கள். ஆபீஸில் என் பக்கத்தில் வந்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். இந்த அம்மா கத்துவது மூன்றாவது வீடு வரை கேட்டிருக்கும். எனக்கு அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அதனால் சொல்லிவிட்டேன். யாரும் கேட்காததை.

“திடீர்னு விழலீங்க்கா. பொழுதோடவே வலிக்குதுன்னா. ராத்திரி ஏழே முக்காலுக்கு. நான் கேஸ் மாத்திரை குடுத்தேன். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போலாமான்னு கேட்டா. எனக்குக் காலைல எட்டு மணிக்கு பம்ப் டெஸ்டிங், வெளியூர்ல இருந்து ஆள் வர்றாங்க. விடிஞ்சதும் போலாம், படுன்னு சொன்னேன். அவ அதுக்கப்பறம் கேக்கல. எந்திரிச்சு உக்காந்தா, படுத்தா. நான் தூங்கிட்டேன். மூணு மணிக்குப் பாத்ரூம்ல சத்தம் கேட்டு எந்திரிச்சேன்.”

கலாமணி அக்கா நாற்காலியில் சட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உன் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:

“இத அவளப் பெத்தவங்ககிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது? நான் யாரு? போய் அங்க சொல்லு. திட்டுனா வாங்கிக்கோ. அடிச்சா வாங்கிக்கோ.”

சட்டைகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 12

மெஷின் சத்தம் இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. அதற்கும் எனக்குக் கோபம் வருகிறது.

மாமனாருக்குப் போன் செய்தேன். “நாளைக்கு வர்றேன் மாமா.” “வாங்க மாப்ள” என்றார். ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 13

கோபியிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தை மெலிந்துவிட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். இலை போடட்டுமா என்றார்கள். முதலில் பேசணும் என்றேன். நேற்று முன்தினம் சொன்ன அதையே, அதே வரிசையில் சொன்னேன். ஏழே முக்கால், மாத்திரை, பத்து மணி, டெஸ்டிங், படுன்னு சொன்னேன், மூணு மணி. மாமனார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“எட்டரைக்கு அவ போன் பேசுனாளே, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?”

“குளிச்சுட்டு இருந்தேன். யார்கிட்டப் பேசுனா?”

“எங்கிட்ட.”

அவள் அன்று யாருக்கும் போன் செய்தாள் என்பதே எனக்குத் தெரியாது. அவள் போனைப் பிப்ரவரிக்குப் பிறகு நான் திறக்கவே இல்லை.

“வயிறு சுருட்டிச் சுருட்டி வலிக்குதும்மான்னா. தோள்பட்டையெல்லாம் வலிக்குதுன்னா. மாத்திர போட்டிருக்கறேன், கேக்கலன்னா. நான் சீரியல் பாத்துட்டு இருந்தேன் மாப்ள. கண்ண அதுல இருந்து எடுக்கல. வாய்வுடி அது, ஓமத்தண்ணி வெச்சுக் குடிச்சுட்டுப் படு, தேதி தள்ளிப் போனா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்.” கையைப் பிசைந்தார்கள். “தேதி தள்ளிப் போயிருக்குதுன்னு அவ எங்கிட்டச் சொன்னா மாப்ள. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். மூணு பெத்தவ நான். இதச் சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். நீங்க எடுக்கவே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சுதான் எம்மேல கோவமா இருக்கறீங்கன்னு நெனச்சுட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பொய் எழுத மாட்டேன். அந்த டிவியைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் என்று வந்தது. அத்தை கண்ணிலும் அதுதான் இருந்தது. என் மகளைப் படு என்று சொல்லிவிட்டுத் தூங்கினாயே என்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிப்ரவரியிலிருந்து யாரையும் நான் அப்படி நேராகப் பார்க்கவில்லை.

மாமனார் திரும்பி வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். சட்டையின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அப்புறம் விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

யாரும் எழுந்து போகவில்லை. சோறு ஆறிப்போனது. பொழுது சாயும்வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.